தலையில் அறைந்த ஆணி

(திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற வாசிப்புக் கூட்டத்தில் பெண் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தொலைக்காட்சியில் வரும் அமானுஷ்யத் தொடர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது மூத்த தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் யட்சியும் நாகினியுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சட்டத் தொகுப்புகளைப் பற்றி நாம் மாதத்தில் ஒருநாள், ஒரு மணிநேரம் பேசுகிறோம். நம் வீடுகளில் மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை, ஆண்டு முழுவதும், வேறொன்று பேசிக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று மணிநேரத்தில் பெண்ணின் மனத்தையும் உடலையும் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்பதை நாம் ஒருமுறையேனும் உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா?

இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன். ஏசியாநெட் 1993இல் திருவனந்தபுரத்திலிருந்துதான் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே தொலைக்காட்சியில் 2004இல் 'கடமற்றத்துக் கத்தனார்' தொடர் வந்தது. பிரகாஷ் பால் கத்தனாராக நடித்தார். கேரளத்தில் பேய்க்கதைத் தொடர்களுக்குப் பெருவழி திறந்துவிட்டது அதுதான் என்பேன். இங்குள்ள தமிழ் வீடுகளிலும் அதைப் பார்த்தார்கள். பார்த்ததில் வியப்பில்லை; அந்த யட்சி நம் பக்கத்துக்காரி. பழைய திருவிதாங்கூரின் தலைநகரான பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட பாதையில் நின்று வழிப்போக்கர்களை மயக்கிக் கொன்றவள். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட 'ஐதீகமாலை'யில் இந்தக் கதை இருக்கிறது. மக்கள் நினைவும் பின்னர் தொலைக்காட்சியும் அவளை நாஞ்சில் நாட்டுக் கள்ளியங்காட்டு நீலியோடு ஒன்றாக்கிவிட்டன.

கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை மெதுவாகச் சொல்கிறேன். அழகிய பெண்ணாக வந்து யட்சி சுண்ணாம்பு கேட்கிறாள். கத்தனார் இரும்பு ஆணியின் முனையில் வைத்துச் சுண்ணாம்பை நீட்டுகிறார். அவள் அவருக்குக் கட்டுப்பட்டுவிடுகிறாள். அந்த ஆணியை அவள் தலையில் அறைகிறார். அறைந்ததும் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுகிறாள். கத்தனார் அவளைக் காயங்குளத்தில் தமக்கு வேண்டிய ஒரு கிழவியின் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே அவள் வீட்டுவேலை செய்கிறாள், சொன்னதைக் கேட்கிறாள், எதிர்த்துப் பேசுவதில்லை. ஒருநாள் கிழவி அவளை உட்காரவைத்துத் தலையில் பேன் பார்க்கிறாள். முடியை விலக்கும்போது விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. ஐயோ, இந்தப் பெண்ணின் தலையில் யார் ஆணியை அடித்தது என்று இரக்கப்பட்டுப் பிடுங்கிவிடுகிறாள். அந்தக் கணமே யட்சி மறைந்துவிடுகிறாள். கத்தனார் அவளைத் துரத்திச் சென்று பனையன்னார்காவில் குடியிருத்துகிறார்.

இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்ட ஒவ்வொரு முறையும் கிழவி செய்தது தவறு என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். தெரியாமல் ஆணியைப் பிடுங்கிக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள். தலையில் இரும்போடு ஒரு பெண் அடுப்படியில் நின்ற நாட்கள் அமைதியான நாட்கள் என்றும், இரும்பு வெளியே வந்த நாள் ஆபத்தான நாள் என்றும் கதை கணக்கு வைத்திருக்கிறது. அவள் கொலைகாரியாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். சரி, கொலைக்குத் தண்டனை கொடுங்கள். ஆனால் தண்டனையாகச் சிறைக்கு அனுப்புவது வேறு, சிந்தனையைப் பிடுங்கிவிட்டு வீட்டுவேலைக்கு வைத்துக்கொள்வது வேறு. மேலும், நீலி ஏன் நீலியானாள்? நம் பக்கத்து வில்லுப்பாட்டு மரபில், தன் மடியில் தலைவைத்து உறங்கிய பெண்ணின் மேல் கல்லைப் போட்டு நகைகளைக் கவர்ந்து செல்கிறான் அவள் நம்பியிருந்தவன். அந்தக் கொலையிலிருந்துதான் கதை தொடங்குகிறது. தொலைக்காட்சி அதை நடுவிலிருந்து தொடங்குகிறது.

இனி தொடர்களின் பொதுவான இலக்கணத்துக்கு வருகிறேன். 2015இல் இந்தியில் தொடங்கிய 'நாகின்' தமிழில் மொழிமாற்றம் பெற்றுச் சன் தொலைக்காட்சியில் 'நாகினி'யாக வந்தது. அதற்குப் பின் பாம்புகளுக்குப் பஞ்சமே இல்லை. வசிய மை, மந்திரித்த தாயத்து, பாலில் கலந்த பொடி, உருமாறி வந்து கணவன் அருகில் படுப்பவள், ஆவி புகுந்த மருமகள் எனக் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் இரண்டு விதிகள் மாறுவதில்லை. ஆண் வசியத்துக்கு ஆளானால் அவன் குற்றமற்றவன். மயக்கியவள் அழிக்கப்பட வேண்டியவள். தெளிந்தபின் மனைவி அவனை ஏற்றுக்கொள்ள வேண்டும். பெண் வசியத்துக்கு ஆளானால், தெளிந்தபின் அவள் தன் கற்பை நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வசியம் நாளடைவில் காதலாகக் கனிய வேண்டும். நான் இப்படி ஆக வேண்டும் என்று விரும்பினேனா, என்னிடம் யாராவது கேட்டார்களா என்று அவள் கேட்கும் ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள், மகிழ்ச்சியடைவேன்.

இது ஏக்தா கபூரின் கண்டுபிடிப்பன்று. கௌதமனாக உருமாறி வந்தவன் இந்திரன். கல்லாகக் கிடந்தவள் அகலிகை. இந்திரனுக்கும் சாபம் உண்டு, ஆனால் அவன் தன் பதவிக்குத் திரும்பிவிடுகிறான். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசனம்' கதையில், சீதை தீக்குளிக்க வேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டதும் அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகிறாள். எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதை தொட்ட இடத்தை இன்றும் நம் தொடர்கள் தொடவில்லை.

மேலைநாட்டுத் தொடர்கள் எல்லாம் உயர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. 2009இல் தொடங்கிய 'தி வாம்பயர் டைரீஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் டேமன் என்னும் இரத்தக்காட்டேரி ஒரு கல்லூரி வயதுகூட ஆகாத பெண்ணின் மனத்தைக் கட்டுப்படுத்தி அவளைத் தன் விருப்பப்படி பயன்படுத்துகிறான். அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே டேமன் கோடிக்கணக்கான ரசிகைகளின் காதல் நாயகனாகிறான். முதலில் நடந்ததற்கு அந்தத் தொடர் கடைசிவரை சரியான பெயரைச் சூட்டவில்லை. ஆனால் அங்கே இதற்கு எதிரான குரலும் தொடர்களுக்குள்ளேயே எழுந்தது. 2002இல் 'பஃபி' தொடரின் ஓர் அத்தியாயத்தில், தன்னை விட்டு விலகிய காதலியை ஒரு கருவியால் மயக்கி அடிமையாக்குகிறான் ஒருவன். தெளிந்ததும் அவள் சொல்வது, இது பாலியல் வன்முறை என்பதுதான். 2015இல் வந்த 'ஜெசிகா ஜோன்ஸ்' முழுத் தொடரையும் இந்த ஒரே கேள்வியில் நிறுத்தியது. கில்கிரேவ் என்பவன் சொன்னால் எவரும் செய்தே தீர வேண்டும். அதுவே அவன் சக்தி. அவனிடமிருந்து தப்பிய ஜெசிகா அவன் செய்தது வன்புணர்வு என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவனோ உண்மையிலேயே புரியாமல் விழிக்கிறான். உயர்ந்த விடுதிகளில் தங்கவைத்தேனே, நல்ல உணவு வாங்கிக் கொடுத்தேனே, இதில் வன்முறை எங்கே என்கிறான். மந்திரசக்தி ஏதுமில்லாத எத்தனை ஆண்கள் இதே வாதத்தைச் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம்!

சட்டம் இந்த இடத்தில் தொடர்களைவிடச் சற்று முன்னே நிற்கிறது. அது தானாக முன்னேறவில்லை. மகாராஷ்டிரத்தில் 1972இல் காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில், உடலில் காயமில்லை, கூச்சலிட்டதாகத் தெரியவில்லை என்று காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுவித்தது. அதை எதிர்த்து எழுந்த பெண்கள் இயக்கத்தின் விளைவுதான் 1983 திருத்தம். மனநிலை சரியில்லாத நிலையிலோ, போதையிலோ, மயக்கப்பொருள் கொடுக்கப்பட்ட நிலையிலோ ஒரு பெண் தன் சம்மதத்தின் தன்மையையும் விளைவையும் உணர இயலாதிருந்தால், அவள் சரி என்று சொல்லியிருந்தாலும் அது சம்மதம் ஆகாது என்று அப்போதுதான் எழுதப்பட்டது. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்ற தெளிவான விளக்கம் 2013இல் சேர்ந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் இவை உள்ளன. அதே பிரிவில் மனைவிக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை என்ற விதிவிலக்கும் அப்படியே உள்ளது. கணவனைப் பொறுத்தவரை, திருமண நாளன்றே ஆணி அறையப்பட்டுவிட்டது என்று சட்டம் கருதுகிறது போலும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு முந்திரி ஆலையில் மேற்பார்வையாளர் மீது எழுந்த புகாரை விசாரித்தவர்களில் நானும் ஒருத்தி. தோல் உரிக்கும் பெண்களுக்கு எடைக்கணக்கில் கூலி. எடை போடுபவர் அவர்தான். தராசு அவர் கையில் இருந்தது. யாருக்கு நல்ல பருப்பு, யாருக்கு உடைந்த பருப்பு என்று தீர்மானிப்பவரும் அவரே. புகார் கொடுத்த பெண்ணுக்குக் கணவர் இல்லை, இரண்டு குழந்தைகள். உடன் வேலை செய்த பெண்களிடம் பேசினோம். அவர்களில் பாதிப்பேர் சொன்னது என்ன தெரியுமா? "அவள்தான் அவருக்கு மருந்து வைத்துவிட்டாள்." மலையாளம் பேசிய பெண்கள் அதையே கைவிஷம் என்றார்கள். இதை முறிப்பதற்கென்றே சேர்த்தலை அருகே திருவிழா கோவிலில் மருந்து தருகிறார்கள், அவருடைய மனைவி அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று ஒருவர் அக்கறையோடு ஆலோசனையும் சொன்னார். தராசு வைத்திருந்தவர் மயங்கியவர். தராசின் முன் கைகட்டி நின்றவள் மயக்கியவள்.

இந்தப் பேச்சைக் கேட்டு நான் கோபப்பட்டேன். ஆனால் அன்று மாலை அந்தப் பெண்ணை எதிரே உட்காரவைத்து நான் கேட்ட முதல் கேள்வி, "எட்டு மாதம் ஏன் சொல்லாமல் இருந்தாய்?" என்பதுதான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், பதில் சொல்லவில்லை. எட்டு மாதமும் குழந்தைகளுக்குச் சோறு அந்தத் தராசிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் கேட்டேன். மறுநாள் அவள் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். என் சகதொழிலாளிகள் தாயத்தை நம்பினார்கள். நான் எதை நம்பி அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இதுவரை சொன்னது, சம்மதம் இல்லாத இடத்தில் சம்மதத்தைக் காண்பது. இதன் மறுபக்கம் இதைவிட ஆபத்தானது, நம் அரசியலோடு நேரடியாகத் தொடர்புடையது. ஒரு பெண் தெளிவாக, தன் வாயால், எனக்கு இவன் வேண்டும், எனக்கு இந்த வாழ்க்கை வேண்டும் என்று சொல்லும்போது, அது நீ பேசவில்லை, உனக்குள்ளிருந்து வேறு யாரோ பேசுகிறார்கள் என்று சொல்வது.

தமிழ்நாட்டில் இதற்கு 'நாடகக் காதல்' என்று பெயர் வைத்தார்கள். ஜீன்ஸ் கால்சட்டையும் குளிர்க்கண்ணாடியும் அணிந்து தலித் இளைஞர்கள் பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் பேசினார். வசிய மை இருந்த இடத்தில் குளிர்க்கண்ணாடி. தருமபுரி நத்தம் காலனியிலும் அருகிலிருந்த இரு குடியிருப்புகளிலும் 2012 நவம்பர் 7 அன்று 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் கொளுத்தப்பட்டதற்கு உடனடிச் சாக்கு, இளவரசனும் திவ்யாவும் தாங்களாக விரும்பிச் செய்துகொண்ட திருமணம். அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் இரயில் பாதையோரம் கிடந்தது. பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு விருப்பம் இருக்க முடியும் என்று ஒப்புக்கொண்டால் சாதியின் அடித்தளமே ஆடிவிடும். அதனால் விருப்பத்தை வசியம் என்று மொழிபெயர்க்கிறார்கள்.

கேரளத்தில் இது மதத்தின் பெயரால் நடந்தது. வைக்கம் பகுதியைச் சேர்ந்த ஹாதியா சேலத்தில் ஹோமியோபதி மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது இஸ்லாத்தைத் தழுவினார். பின்னர் தன் விருப்பப்படி ஷஃபின் ஜஹானை மணந்தார். அவருடைய தந்தையின் ஆட்கொணர்வு மனு மீது கேரள உயர்நீதிமன்றம் 2017 மே 24 அன்று அந்தத் திருமணத்தையே செல்லாது என்று அறிவித்து, 24 வயதுப் பெண்ணைப் பெற்றோரின் பொறுப்பில் ஒப்படைத்தது. அந்த வயதுப் பெண் பலவீனமானவள், எளிதில் ஏமாற்றப்படக்கூடியவள் என்பது தீர்ப்பின் கருத்து. அதன்பின் மாதக்கணக்கில் அவர் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார், வாசலில் காவல். அந்தக் காவல் நின்றது ஓர் இடதுசாரி அரசின் ஆட்சிக்காலத்தில் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. நீதிமன்ற உத்தரவு என்பது உண்மை. ஆனால் அந்த மாதங்களில் இடதுசாரிகளான நம்மில் எத்தனை பேர் வாய்திறந்தோம்?

உச்ச நீதிமன்றத்தில் தேசியப் புலனாய்வு முகமையின் வாதம் என்னவாக இருந்தது என்று கவனியுங்கள். அவருடைய மனம் பிறரால் பயிற்றுவிக்கப்பட்டுவிட்டது, எனவே அவருடைய சம்மதத்துக்கு மதிப்பில்லை. 2017 நவம்பர் 27 அன்று ஹாதியா நீதிமன்றத்தில் நேரில் நின்றார். அவரிடம் கேட்பதா வேண்டாமா என்பதைப் பற்றியே வழக்கறிஞர்கள் நெடுநேரம் வாதாடினார்கள். அவரோ அங்கேயே இருந்தார். கடைசியில் கேட்டார்கள். சுதந்திரம் வேண்டும் என்றார். படிப்பை முடிக்கச் சேலம் அனுப்பப்பட்டார். 2018 மார்ச் 8 அன்று திருமணம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. துணையைத் தேர்ந்தெடுப்பது தனிமனிதரின் உரிமை, அதில் அரசுக்கோ நீதிமன்றத்துக்கோ இடமில்லை என்று ஏப்ரல் 9 அன்று விரிவான காரணங்கள் வந்தன. இடையில் பறிபோன மாதங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

இதே கதைதான் 2023இல் 'தி கேரளா ஸ்டோரி' ஆயிற்று. 32,000 பெண்கள் என்றார்கள். பின்னர் அந்த எண்ணிக்கைக்கு ஆதாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் முன் ஒப்புக்கொண்டு பொறுப்புத்துறப்பு வாசகம் சேர்த்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன், ஏப்ரல் 5 அன்று, அதைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. கேரள முதல்வர் பினராயி விஜயன் எதிர்த்தார், காங்கிரசும் எதிர்த்தது, ஒளிபரப்பு நிற்கவில்லை. 2025இல் அதன் இயக்குநருக்குத் தேசிய விருதும் கொடுத்தார்கள். அது பேய்ப்படம் அல்ல என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மந்திரவாதி, மயங்கிய பெண், தெளியவைக்கும் குடும்பம், எல்லாம் இருக்கின்றன. நாகினியில் பழகிய கண்ணுக்கு இதில் புதிதாக நம்புவதற்கு ஒன்றுமே இல்லை. மாலை ஏழு மணிக்கும் நம் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட மூத்த தோழருக்கு இதுவே என் பதில்.

இனி ஒரு கடினமான கேள்வி. மனங்களைக் கட்டுப்படுத்துவது முழுக்கப் பொய்யா? சாமியார் மடங்களில், மந்திரவாதிகளின் வீடுகளில், குடும்பங்களுக்குள்ளேயே ஒருவரை மெல்ல மெல்லத் தன் சொல்லுக்கு மட்டும் ஆடுபவராக மாற்றுவது நடக்கவில்லையா? நடக்கிறது. 2022 அக்டோபரில் பத்தனம்திட்டை எலந்தூரில் இரண்டு ஏழைப் பெண்கள் நரபலி என்ற பெயரில் கொல்லப்பட்டது தெரியவந்தது. அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். அப்படியானால் எது வசியம், எது விருப்பம் என்று எப்படிப் பிரிப்பது? நான் கண்ட ஒரே வழி இதுதான். அந்தப் பெண் எதற்காகப் பயப்படுகிறாள் என்று பாருங்கள். சோறு யார் கையில், கூரை யார் பெயரில், கைப்பேசி யாரிடம், இல்லை என்று சொன்னால் மறுநாள் அவள் எங்கே போவாள்? இவற்றிலிருந்து அவளை விடுவித்துப் பாதுகாப்பான இடத்தில் உட்காரவைத்து, பிறகு கேளுங்கள். அவள் சொல்வது நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். முந்திரி ஆலையில் நான் வரிசையை மாற்றிச் செய்தேன். தராசை அவர் கையிலேயே விட்டுவைத்து அவளிடம் கேள்வி கேட்டேன்.

தொடர்களைத் தடை செய்யக் கோரலாமே என்று ஒரு தோழர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பக் கூடாது என்று 1994ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளின் 6ஆவது விதியில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அது தூங்குகிறது. எழுப்பினால் யாரைக் கடிக்கும் என்பது ஒன்றிய ஆட்சியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எனக்கு அதில் ஆர்வமில்லை. நீலியை மையமாக வைத்து 2025இல் வந்த 'லோகா' திரைப்படத்தை என் மகளின் தோழிகள் மூன்று முறை பார்த்தார்கள். நீலியின் பக்கம் நின்றும் கதை சொல்லலாம், அதற்குக் கூட்டமும் வரும் என்று தெரிகிறது. நம் கலைக்குழுத் தோழர்கள் இன்னும் பத்து ஆண்டுக்கு முந்தைய நாடகத்தையே தெருமுனையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிழவியும் பேனும் ஆணியும் வைத்து இருபது நிமிட நாடகம் ஒன்றை எழுத முடியாதா?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஹாதியா வழக்கில் உயர்நீதிமன்றத் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் பக்கம் பக்கமாக வைத்து வாசிக்கலாம் என்று முன்மொழிகிறேன். தேவையான பகுதிகளைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். இன்று வந்திருக்கும் தோழர்களில் பெண்கள் நால்வர்தான். அடுத்த கூட்டத்தை ஞாயிறு மாலைக்குப் பதில் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை ஆண் தோழர்கள் இன்றே பேசி முடிவுசெய்துவிடுங்கள்.